64,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் காரை நம்பி வாங்கலாமா?

திருநெல்வேலியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவர் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியர். வீட்டிலிருந்து பணியிடம் 32 கிலோமீட்டர். இரவுப் பணிக்குப் பேருந்தை நம்பிப் போய்வர முடியாததால் ஐந்து லட்சத்துக்குள் ஒரு சிறிய டீசல் காரைத் தேடி வருகிறார். பழைய கார் வியாபாரி ஒருவர் 2017 பிப்ரவரியில் பதிவான மாருதி ஸ்விஃப்ட் விடிஐ காரை 4,65,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடோமீட்டரில் 64,000 கிலோமீட்டர் காட்டுகிறது. முதல் உரிமையாளர் தென்சென்னையில் இருந்தவர், "டாக்டர் ஓட்டின வண்டி" என்பது வியாபாரியின் வாக்கு. 2024 மார்ச்சில் இரண்டாவது பெயருக்கு மாறியிருக்கிறது. சர்வீஸ் பில்கள் எதுவும் இல்லை. வாசகி 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

இதற்கு முன்பு, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரின் 2016ஆம் ஆண்டு டிசையர் டீசல் காரையும் அவர் பார்த்திருக்கிறார். ஒரே உரிமையாளர், எல்லா சர்வீஸ் பில்களும் கோப்பில் இருக்கின்றன, விலை 4,10,000. ஆனால் 1,18,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது என்பதால் "லட்சத்தைத் தாண்டிய டீசல் வண்டி எதற்கு?" என்று அதை விட்டுவிட்டார். இப்போது அவருக்குள்ள சந்தேகங்கள் பல. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்தபோது ஆயில் கன்னங்கரேலென்று இருந்ததே, இன்ஜின் போய்விட்டதா? பத்து ஆண்டுகளில் டீசல் காரைத் தடை செய்துவிடுவார்களா? விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று 83,700 ரூபாய் கேட்பது முறையா? ஆறு மாதம் கழித்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே, சரியா? போதாததற்கு, பெட்ரோல் காரே போதும் என்று தம்பி வற்புறுத்துகிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் இயந்திரப் பொறியாளன். விபத்திலும் வெள்ளத்திலும் சேதமான வாகனங்களுக்கு இழப்பீடு மதிப்பிடும் சர்வேயராகப் பணியாற்றுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இதுதான்: நீங்கள் விட்டுவிட்ட காரைத்தான் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும், முன்பணம் கொடுத்த காரைப் பற்றித்தான் தயங்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்கு முன்பு, உங்கள் தம்பியின் கேள்வியை முடித்துவிடலாம்.

நாளொன்றுக்குப் போக வர 64 கிலோமீட்டர், மற்றப் பயணங்களையும் சேர்த்தால் மாதம் 1,600 கிலோமீட்டர் ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் கார் 20 கிலோமீட்டரும் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 100 லிட்டர் பெட்ரோல் அல்லது 80 லிட்டர் டீசல் தேவைப்படும். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 ரூபாய் என்று கணக்கிட்டால் 10,100 ரூபாய்க்கு எதிராக 7,400 ரூபாய்; ஆண்டுக்கு 32,400 ரூபாய் மிச்சம். டீசல் காருக்குச் சர்வீஸ் செலவு கூடுதல் என்பதைக் கழித்த பிறகும் உங்களுக்கு லாபம்தான். நீங்கள் மாதம் 500 கிலோமீட்டர் மட்டும், அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவராக இருந்தால் தம்பி சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன். அந்த அளவு ஓட்டத்தில் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த மிச்சத்தை டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒரே ஒரு பழுது விழுங்கிவிடும்.

இரண்டு கார்களிலும் இருக்கும் இன்ஜின் நல்ல வகை என்று உங்கள் மெக்கானிக் சொன்னது பெருமளவுக்கு உண்மை. ஃபியட் நிறுவனம் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் அது. 2007இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்து, பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா, செவர்லே செயில் என்று பல நிறுவனங்களின் கார்களில் ஓடியது. அதனால் சிற்றூர் மெக்கானிக்குக்கும் அதன் கைப்பக்குவம் தெரியும்; உதிரி பாகங்களுக்கும் அலைய வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் மாருதி டீசலை நிறுத்தியது இன்ஜின் மோசமானது என்பதால் அல்ல. பிஎஸ்6 மாசு விதிகளுக்கு ஏற்ப அதை மாற்றும் செலவைச் சிறிய காரின் விலை தாங்காது என்பதால்தான். இணையக் காணொளிகளில் நீங்கள் பார்த்துப் பயந்த, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை 2017 ஸ்விஃப்டுக்குக் கிடையாது; அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிகளின்படி வந்த அந்தக் காரில் அந்த வடிகட்டியே இல்லை. ஆனால், நல்ல இன்ஜின் வகை என்பதும் நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. இரண்டாவதை மாடலின் பெயர் சொல்லாது. அந்தக் காரின் பராமரிப்புக் கோப்பு மட்டுமே சொல்லும்.

ஓடிய தூரம் என்ற எண்

64,000 என்பதைப் பார்த்து நீங்கள் ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். நான் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கிறேன். புதிதாக வாங்கும்போது பெட்ரோல் காரைவிட ஒரு லட்சம் ரூபாய் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்து டீசல் காரை வாங்கியவர் ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டியிருக்கிறார் என்பது நடக்க முடியாதது அல்ல. ஆனால் வழக்கமும் அல்ல. ஓடோமீட்டரைப் பின்னால் திருப்புவது இப்போது மடிக்கணினியும் ஒரு கம்பியும் இருந்தால் முடிந்துவிடும் வேலை. "டாக்டர் வண்டி" என்ற சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் எவ்வளவு மதிப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் டாக்டர் வண்டிகளையெல்லாம் கூட்டினால் தமிழ்நாட்டில் அத்தனை டாக்டர்கள் இருப்பார்களா என்பதே சந்தேகம்.

சரி, 64,000 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் கார் சென்னையின் நெரிசலில், வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையில், இன்ஜின் முழுமையாகச் சூடாவதற்கு முன்பே நிறுத்தப்பட்ட கார். டீசல் இன்ஜினுக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. புகையின் ஒரு பகுதியை மறுபடியும் இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படியும், ஆயிலில் ஈரமும் எரியாத டீசலும் சேரும், கிளட்ச் தேயும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய 1,18,000 கிலோமீட்டரைவிட நெரிசலில் நின்று நின்று ஓடிய 64,000 கிலோமீட்டர் இன்ஜினை அதிகம் களைப்படையச் செய்திருக்கலாம். ஆக, அந்த எண் பொய்யாக இருந்தால் நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள். உண்மையாக இருந்தாலும் நீங்கள் நினைத்த அளவுக்கு அதில் நன்மை இல்லை.

இந்த இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆயில்தான். அதன் ஆயில் கொள்ளளவு ஏறத்தாழ மூன்று லிட்டர்தான்; அதனால் அரை லிட்டர் குறைந்தாலும் மீதி ஆயில் கூடுதல் வேலை செய்ய வேண்டியிருக்கும். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட இதில் இருப்பது டைமிங் பெல்ட் அல்ல, டைமிங் செயின். குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்ப நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டும் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் அட்டவணை. "ஓடவே இல்லையே" என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே ஆயிலை விட்டுவைத்த காரில் ஓடோமீட்டர் எண் சிறியதாக இருக்கும். செயினும் டர்போவும் தேய்ந்திருக்கும். வங்கி அலுவலரின் கோப்பில் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஒரு ஆயில் பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கார் உங்கள் ஐந்து ஆண்டு ஓட்டத்தையும் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டினாலும் நான் வியப்படைய மாட்டேன். அதற்காக அதில் செலவே வராது என்று எண்ண வேண்டாம். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், சாக் அப்சார்பர், ஒருவேளை இன்ஜெக்டர் ஆகியவை உங்கள் காலத்தில் வரக்கூடிய செலவுகள். விலையில் உள்ள 55,000 ரூபாய் வித்தியாசத்தை அப்படியே வங்கியில் போட்டு வைத்துவிட்டால் அவற்றில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

கருப்பு ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடினாலே கருத்துவிடும். எரிந்த கரியைத் துகளாகவே பிடித்து மிதக்க வைப்பது அந்த ஆயிலின் வேலை. கருப்பதால் அது வேலை செய்கிறது என்றுதான் பொருள். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல. விரலில் தேய்த்தால் நறநறக்கிறதா, தாரைப்போலக் கெட்டியாக இருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா, டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்பவைதான் கேள்விகள். கடைசியாகச் சொன்னது இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலந்திருக்கலாம். மேற்கொண்டு பேசாமல் வந்துவிடுங்கள். மாறாக, எட்டு ஆண்டு டீசல் காரின் ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தால் நேற்றுத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

தென்சென்னை, 2024 மார்ச்

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் இதுதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தென்சென்னைப் பகுதிகளில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் பெரும்பகுதியை எட்டும்போது நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கு முடித்து, சேதமான காரை ஏலத்துக்கு விடும். அப்படி ஏலம் போனவற்றில் சில, சுத்தம் செய்யப்பட்டு, வெள்ளத்தைப் பற்றிக் கேள்வி கேட்காத வெளியூர்களுக்கு வந்து சேரும். தென்சென்னை முகவரி, புயலுக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு பெயர் மாற்றம், பில்களே இல்லாத நிலை ஆகிய மூன்றும் ஒன்றாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம். நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. அதே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் உங்கள் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் வெள்ளம் வந்தது உங்களுக்கே நினைவிருக்கும். ஆகவே உள்ளூர்க் கார் என்றாலும் இதே சோதனை தேவை. வங்கி அலுவலரின் காருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீர் புகுந்த டீசல் காரில் நான் அஞ்சுவது நாற்றத்தையோ துருவையோ அல்ல. டீசல் இன்ஜின் காற்றைப் பதினேழு மடங்கு அளவுக்கு அழுத்துகிறது. தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் போன நிலையில் இன்ஜின் சுழன்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் நெளியும். சிறிதளவு நெளிந்த ராடுடன் இன்ஜின் பல மாதங்கள் ஒழுங்காகவே ஓடும். பிறகு ஒருநாள் உடைந்து இன்ஜினின் உடலான பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இரவுப் பணி முடிந்து தனியாகத் திரும்பும் உங்களுக்கு அது நேரக் கூடாது.

இதைக் கண்டறியக் காகித வழி ஒன்று இருக்கிறது. கார் பிப்ரவரியில் பதிவானதால் அதன் காப்பீடும் பிப்ரவரியில்தான் புதுப்பிக்கப்பட்டிருக்கும். 2024 பிப்ரவரியில், அதாவது முதல் உரிமையாளரின் கையில் இருந்தபோதே போடப்பட்ட பாலிசியின் நகலைக் கேளுங்கள். முந்தைய ஆண்டில் இழப்பீடு எதுவும் வாங்காதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அதில் காட்டப்பட்டிருக்கும். 2023 பிப்ரவரி பாலிசியில் தள்ளுபடி இருந்து, 2024 பிப்ரவரியில் அது பூஜ்யமாகியிருந்தால் இடைப்பட்ட காலத்தில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் இது தெரியாமல் போகலாம். அதனால் தள்ளுபடி இருப்பதாலேயே கார் தப்பியது என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் பாலிசி புதுப்பிக்கப்படவே இல்லை என்றால், அதற்கும் காரணம் கேட்க வேண்டும்.

காரை நேரில் பார்க்கும்போது

முதலில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் சங்கிலி உரசும் கரகர ஓசை கேட்டால் செயினும் டென்ஷனரும் சந்தேகத்துக்குரியவை. நீல நிறப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். முடுக்கும்போது வரும் அடர்ந்த கரும்புகை இன்ஜெக்டர், டர்போ, ஈஜிஆர் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது இயல்பு. ரயில் இன்ஜினைப் போலப் புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. 2,000 சுற்றுக்குக் கீழே இழுவை மந்தமாக இருப்பது இந்த இன்ஜினின் பிறவிக் குணம்; அதற்கு மேல் டர்போ சட்டென்று உந்த வேண்டும், உந்தவில்லை என்றால் விசாரிக்க வேண்டும்.

அடுத்ததாக, காரின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர். உங்கள் மெக்கானிக் காதால் கேட்டுச் சொல்லும் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பொதுவான ஒரே குழாயில் தேக்கிப் பீய்ச்சும் காமன் ரயில் அமைப்பைக் காது மட்டும் வைத்து எடைபோட முடியாது. ஸ்கேனர் உள்ள பட்டறையில் பதிவாகியுள்ள பழுதுக் குறியீடுகளையும், அந்தக் குழாயின் (ரயில்) அழுத்தம் சீராக இருக்கிறதா என்பதையும், நான்கு இன்ஜெக்டர்களுக்கும் கணினி செய்யும் திருத்தத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால், ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து ஒப்பிடும் சோதனையைச் செய்ய வேண்டும். பழுதுக் குறியீடுகள் எல்லாம் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால் அதுவே ஒரு செய்தி.

ஓடிய தூரத்தைச் சரிபார்க்க ஓடோமீட்டரை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்தோல், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் ஆகியவை 64,000 கிலோமீட்டரில் தேய்ந்து வழவழப்பாகாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயர்களும் இரண்டாவது முறையாக மாற்றப்பட்டவை என்று தோன்றினால் 64,000 பொருந்தாது. எல்லாவற்றையும்விட உறுதியானது, காரின் உரிமையாளரை அழைத்துக்கொண்டோ அவருடைய ஒப்புதலைப் பெற்றோ அங்கீகரிக்கப்பட்ட மாருதி சர்வீஸ் மையத்தில் பதிவெண்ணைச் சொல்லிப் பழைய வரலாற்றைக் கேட்பது. ஒவ்வொரு வருகையின்போதும் இருந்த கிலோமீட்டர் அங்கே கணினியில் இருக்கும். வியாபாரி இதற்கு மறுத்தால் அதற்கு மேல் வேறு சோதனையே தேவையில்லை.

வெள்ளத்துக்கு: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், வியாபாரிகள் கழுவ மறக்கும் இடம் அது. இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியிலும் ஒயர் இணைப்புகளிலும் பச்சைப் பூச்சு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் நீர்க்கோடு ஆகியவற்றையும் டார்ச் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். முன்பயணிக்கான ஏர்பேக் அதற்கும் பிந்தியது. ஆகவே 2016, 2017 கார்களில் சிலவற்றில் ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் போகிறவர் நீங்கள். இரண்டு கார்களில் எதில் அவை உள்ளன என்பதையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டின் பளபளப்பைவிட அது முக்கியம்.

தடை, ஜிஎஸ்டி, பெயர் மாற்றம்

பத்து ஆண்டு டீசல் தடை என்று நீங்கள் கேள்விப்பட்டது டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியையும் பற்றியது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் அந்தப் பகுதிக்கானவை. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவுச் சான்று (ஆர்.சி.) 15 ஆண்டுகள் செல்லும். பிறகு கார் தகுதியாக இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 2017 கார் 2032 வரை கவலையின்றி ஓடும். மறுவிற்பனை மதிப்பு மட்டும் பெட்ரோல் காரைவிட வேகமாகக் குறையக்கூடும். அதை இப்போதே விலையில் பேசிவிட வேண்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்களிடம் கேட்டிருப்பது தவறான கணக்கு. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரி பழைய காரை விற்கும்போது 18 சதவீத வரி என்பது உண்மை. 2025 ஜனவரி முதல் சிறிய கார்களுக்கும் அதே விகிதம்தான். ஆனால் அந்த வரி முழு விலைக்கு அல்ல, அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள லாபத்துக்கு மட்டுமே. அவர் 4,10,000க்கு வாங்கி 4,65,000க்கு விற்றால் லாபம் 55,000. அதற்கு வரி 9,900 ரூபாய். 83,700 ரூபாய் கேட்பவர் ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பவர். வங்கி அலுவலரைப் போன்ற தனிநபர் தமது சொந்தக் காரை உங்களுக்கு விற்றால் ஜிஎஸ்டியே கிடையாது.

ஆறு மாதம் கழித்துப் பெயர் மாற்றுவது என்ற யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் அதற்கானவை. கடன் குறிப்பு ஆர்.சி.யில் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு உரிமையாளர் வரிசை எண், கடன் நிலை, காப்பீட்டுத் தேதி ஆகியவற்றையும், இ-சலான் தளத்தில் நிலுவை அபராதங்களையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணைக் காரிலேயே படித்து ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். 2023 ஏப்ரல் முதல், பழைய கார் வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்று, கார் தங்கள் கைக்கு வந்ததைப் படிவம் 29சி வழியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. உங்கள் வியாபாரி அப்படிச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், ஆர்.சி.யில் பெயருள்ள இரண்டாவது உரிமையாளரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

காப்பீட்டில் இன்னொரு தவறான நம்பிக்கை. "பிப்ரவரி வரை ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, 50 சதவீத போனஸும் உங்களுக்கே" என்று சொல்லியிருக்கிறார்கள். உரிமை மாறும்போது மூன்றாம் நபருக்கான பொறுப்புக் காப்பீடு மட்டுமே அதே சட்டத்தின் 157ஆம் பிரிவுப்படி தானாக உங்களுக்கு மாறும். உங்கள் காருக்கே சேதம் ஏற்பட்டால் கிடைக்க வேண்டிய பகுதி, நீங்கள் 14 நாள்களுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் உறுதி. பெயர் மாற்றாமல் ஓட்டிய காரை மோதி உடைத்துக்கொண்டு, பழைய உரிமையாளர் பெயரில் உள்ள பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களிடம் "உங்களுக்குக் கிடைக்காது" என்று சொல்வது என் தொழிலில் மிகவும் வருத்தமான வேலை. நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அது விற்பவருடன் போய்விடும். அந்தத் தள்ளுபடித் தொகையை மீதிக் காலத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

முன்பணம் 10,000

அந்தப் பணத்துக்காகக் காரை வாங்கிவிட வேண்டாம். வியாபாரிக்கு வாட்ஸ்ஆப்பில் எழுத்து மூலமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: சர்வீஸ் மையத்தின் வரலாறு, 2023, 2024 பிப்ரவரிப் பாலிசி நகல்கள், ஸ்கேனர் சோதனைக்கு அனுமதி ஆகிய மூன்றும் ஒரு வாரத்துக்குள் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூன்றும் வந்து, எல்லாம் சுத்தமாக இருந்தால் அந்த ஸ்விஃப்டை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்போதும் விற்பனை ரசீதில் "ஓடிய தூரம் 64,000 கிலோமீட்டர், வெள்ளத்தில் மூழ்கியதோ பெரும் விபத்தில் சிக்கியதோ இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவை வராமல், "வேண்டுமானால் முப்பதாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் வந்தால் அந்தத் தள்ளுபடி எதற்கு என்பது உங்களுக்கே விளங்கும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவுசெய்யுங்கள். வியாபாரமாகக் கார் விற்பவர் மீது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க முடியும். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனிநபரிடம் வாங்கும்போது இந்த வழி பொதுவாகக் கிடைக்காது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், வங்கி அலுவலரிடம் வாங்குவதாக முடிவெடுத்தாலும் இதே சோதனைகளையும் எழுத்து மூலமான உறுதியையும் விட்டுவிடாதீர்கள். பணத்தையும் இரண்டு இடங்களிலும் வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள். இதுவரை கொடுத்த பத்தாயிரத்துக்கு ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால் மேலே சொன்ன செய்தியை அனுப்பும்போது அந்தத் தொகையையும் கொடுத்த தேதியையும் குறிப்பிட்டு, அவர் "ஆம்" என்று பதில் எழுதும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.